மிஸ்ஸியின் பரீட்சைக்கு நான் கொடுத்த கை

என் இடது கையைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள். முழங்கைக்குக் கீழே கயிறு முறுக்கினதுபோல ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு ஓடும். டாக்டர் அறுத்து, உள்ளே இரண்டு நரம்பை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது. அதன்மேல் விரலை வைத்தால் துடிக்கும். காதை வைத்தால் வண்டு இரைகிற மாதிரி கேட்கும். கிட்னி போனவர்களுக்கு அந்த இரைச்சல்தான் உயிர். எனக்குச் செய்து ஆறு வருஷம் ஆகிறது. ஒருநாள்கூட அடைத்ததில்லை, வீங்கியதில்லை. டயாலிசிஸ் சென்டரில் என் கையைப் போல ஒரு கை கிடையாது என்று மிஸ்ஸிகளே சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மலாய்க்காரர்களும் அப்படித்தான். நான் இருப்பது தங்கா பத்துவில், மகன் வீட்டில். சென்டர் மலாக்கா டவுனில், கடைவீட்டு வரிசையில் கீழ்த்தளத்தில் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் காலையில் மகன் வேலைக்குப் போகிற வழியில் என்னை இறக்கிவிட்டுப் போவான். ரத்தம் ஒரு குழாய் வழியாக மெஷினுக்குப் போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்தபடியே கிடக்க வேண்டும். தூங்குகிறவர்கள் தூங்குவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. சுற்றி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு சீனர். முன்பு நியாலாஸ் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர், அதனால் இன்றும் எல்லோருக்கும் அவர் தவுக்கேதான், முதலாளி. நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கடையில்தான் சாமான் வாங்கினோம். எங்கள் ஆட்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டார். அந்தத் தமிழில் மரியாதை என்று ஒன்று கிடையாது, ஆனால் எல்லாம் புரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதனால்தான் எனக்குத் தர்மசங்கடம் வந்தது.

அங்கே வேலை செய்யும் மிஸ்ஸிகளில் சின்னவள் நம் தமிழ்ப் பெண். அவளும் நியாலாஸ் பக்கம்தான். அப்பா செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். மெல்லிய உடம்பு, வேகமான நடை, ஊசி போடும்போது மட்டும் நிதானம். எந்த நேரமும் சட்டைப் பையில் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருப்பாள். வேலைக்கு நடுவில் எடுத்து எதையோ குறித்துக்கொள்வாள்.

ஒருநாள் அவள் எனக்கு ஊசி ஏற்றிவிட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏம்மா, படிச்சு முடிச்சு வேலைக்கும் வந்துட்ட. இன்னும் என்னா புக்கத் தூக்கிட்டு அலையிற?"

"படிச்சு முடிச்சா மட்டும் மிஸ்ஸி ஆயிட முடியுமாம்மா? மூணு வருஷம் காலேஜ். அப்புறம் போர்டு பரீட்ச. அதுல பாஸ் பண்ணாத்தான் பேரப் பதிஞ்சு நம்பர் குடுப்பாங்க. நம்பர் வந்தாத்தான் மிஸ்ஸின்னு ஒருத்தர் கையத் தொட முடியும்."

"நம்பர் வந்துட்டா முடிஞ்சுது இல்ல?"

"எங்க முடியிது! வருஷா வருஷம் புதுப்பிக்கணும். சும்மா போயி கேட்டா குடுத்துட மாட்டாங்க. கோர்ஸுக்குப் போயி பாயிண்ட் சேத்து வச்சிருக்கணும்."

"ரோட் டேக்ஸ் மாதிரின்னு சொல்லு."

தவுக்கே கண்ணை மூடியபடியே சிரித்தார். "ரோட் டேக்ஸ் இல்ல லா அம்மா. லோரி இன்ஸ்பெக்‌ஷன் லா. அடியில படுத்து பாக்கும்."

"அங்கிள் சொல்றது சரிம்மா," என்றாள் சின்ன மிஸ்ஸி. "இந்த மெஷின் வேலைக்கு அதுக்கும் மேல தனிப் படிப்பு ஒண்ணு இருக்கு. கிட்னிக்குன்னே. இந்த புக்குல இருக்கிற ஒவ்வொரு வேலையும் நான் செஞ்சு காட்டி, பெரியவங்க கையெழுத்துப் போடணும். கடைசியில மேட்ரன் ஒருத்தர் வந்து பக்கத்துல நின்னு பாப்பாங்க. அதுல பாஸ் பண்ணாத்தான் சட்டிபிக்கேட்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். காய்ச்சலுக்கும் அவர்தான், வெட்டுக்காயத்துக்கும் அவர்தான், பல் பிடுங்கவும் அவர்தான். வெள்ளைக் காற்சட்டை போட்டு வந்தால் நாங்கள் எழுந்து நிற்போம். அவர் என்ன படித்தார், யார் அவருக்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது. இப்போது இந்தப் பெண் என் கையில் ஒரு ஊசி ஏற்றுவதற்கு இத்தனை வாசற்படி ஏறி வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், என் கைக்கே ஒரு மதிப்பு கூடினமாதிரி இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவளைக் காணோம். வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. தராசில் என்னை ஏற்றி எடை பார்த்தாள். நானாகத்தான் வாயைக் கிளறினேன்.

மேட்ரன் முன்னால் செய்கிற பரீட்சையில் தோற்றுவிட்டாள். வேறு இடத்தில், முன்பின் பார்க்காத ஒருவரின் கை. ஊசி நரம்பின் மறுபக்கம் போய் இடித்து, அந்தக் கை அவள் கண்ணெதிரே வீங்கிவிட்டதாம். இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் அந்தப் படிப்பை முதலிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். சென்டரில் இன்னொரு தடவை அனுப்புவார்களா என்பது சந்தேகம். இந்தத் தடவை பரீட்சையை நம் சென்டரிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் நோயாளி ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"யாரக் கேக்கப் போற?" என்றேன்.

"யாரக் கேக்குறது? பரீட்சன்னு சொன்னாலே பயப்படுறாங்க. அங்கிளக் கேட்டேன், மாட்டேன்னுட்டாரு."

"என் கை கெட்ட கை," என்றார் தவுக்கே. "பாஸ் பண்ற கை அந்த அம்மா கை லா."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. "பேப்பரக் கொண்டா," என்றேன். கொண்டுவந்தாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் இதுவரை எந்தப் பேப்பரிலும் கட்டைவிரலை வைத்ததில்லை. என் பெயரை நானே எழுதுவேன். மெதுவாக எழுதினேன். அவள் பொறுமையாக நின்றாள்.

பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை என்று தகவல் வந்தது. செவ்வாய் அம்மனுக்கு உகந்த நாள். அந்த நினைப்பில்தான் எனக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று. கையை மட்டும் கொடுத்தால் போதுமா? என் மகன் எஸ்.பி.எம். பரீட்சை எழுதியபோது விரதம் இருந்தேன், தேறினான். மகள் பிரசவத்தில் சிரமப்பட்டபோது இருந்தேன், தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தார்கள். நான் இருந்த எந்த விரதமும் வீண்போனதில்லை. கிட்னி போன பிறகு டாக்டர் விரதமே கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். உண்மைதான். ஆனால் இது நாள் முழுவதும் இல்லையே, பரீட்சை முடிகிறவரை, அரை நாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துவிட்டால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருமகள் விடமாட்டாள்.

அன்று காலை மருமகள் எப்போதும்போல எனக்கு இன்சுலின் ஊசி போட்டாள். போட்டுக்கொண்டேன். மருந்து வேறு, விரதம் வேறு என்பது என் கணக்கு. பிறகு இரண்டு இட்லியும் உப்பு குறைத்த சட்னியும் தட்டில் வைத்தாள்.

"இப்ப வேணாம்மா. கார்ல ஏறுனா பெரட்டுது. டப்பாவுல போட்டுக் குடு, அங்க போயி சாப்டுறேன்."

"மறக்காம சாப்டுங்க அத்த. ஊசி போட்டிருக்கு."

"சரி, சரி."

டப்பா என் பைக்குள் போயிற்று.

சென்டரில் மேட்ரன் எனக்கு முன்பே வந்திருந்தார். மலாய்க்கார அம்மாள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு அட்டையும் அதில் செருகிய தாள்களும். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. சின்ன மிஸ்ஸி என்னைத் தராசில் ஏற்றினாள், காய்ச்சல் பார்த்தாள், வலது கையில் பிரஷர் பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி எழுதினாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

"சாப்டாச்சாம்மா?" என்று கேட்டாள்.

"ஆச்சு," என்றேன்.

நம் ஆட்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. எதிரில் வருகிறவரைப் பார்த்தால் சாப்டாச்சா என்போம். ஆச்சு என்பார்கள். பசியோடு இருந்தாலும் ஆச்சுதான். இல்லை என்று சொன்னால் கேட்டவரிடம் சோறு கேட்டமாதிரி ஆகிவிடும். என் அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தார். அதனால் அந்த ஆச்சு என் வாயிலிருந்து தானாக வந்தது. பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சின்ன மிஸ்ஸி தாளில் எழுதினாள். மேட்ரன் என் பக்கம் குனிந்து அவரும் கேட்டார். "மாக்சிக், சூடா மாக்கான்?"

மலாய்க்காரர்களுக்கும் அதே பழக்கம்தான். வயதான பெண்ணை மாக்சிக் என்று கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்றுதான் விசாரிப்பார்கள். "சூடா, சூடா," என்றேன். ஆச்சு, ஆச்சு.

பிறகு சின்ன மிஸ்ஸி என் கையைக் கழுவச் சொன்னாள். அவளும் கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவள் கழுவியதை மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தபடி கவனித்தார். நரம்பின்மேல் விரலை வைத்துத் துடிப்பைப் பார்த்தாள், குழாயைக் காதில் மாட்டி இரைச்சலைக் கேட்டாள். கையுறை போட்டாள். மருந்தால் துடைத்துக் காயவிட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவளும் அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

முதல் ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இரண்டாவதும் அப்படியே.

நான் முப்பது வருஷம் பால் வெட்டினவள். பட்டையைச் சீவும்போது உளி மரத்தில் பட்டுவிடக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் மரம் கட்டிகட்டியாக வீங்கிப்போகும், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கத்துவார். எவ்வளவு சாய்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கையில் இருக்க வேண்டும். இந்தப் பெண்ணின் கையில் அது இருந்தது. குழாயில் ரத்தம் சிவப்பாக ஓடி மெஷின் சுற்ற ஆரம்பித்ததும், பரீட்சை முடிந்தது, அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன்.

பரீட்சை முடியவில்லை. நான்கு மணி நேரமும் பரீட்சைதான் என்பது எனக்குத் தெரியாது. மேட்ரன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். முதலில் கழுத்தில் வியர்த்தது. ஏர்கான் காற்றில் போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கிற இடம் அது, வியர்க்கிற இடமில்லை. பிறகு விரல் நடுங்கியது. எதிர்ச் சுவரில் இருந்த டீவி இரண்டாகத் தெரிந்தது. ஒன்றும் காட்டிக்கொள்ளக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னால் அந்தப் பெண்ணின் பரீட்சை கெடக்கூடாது.

அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. நான்கே எட்டில் வந்துவிட்டாள்.

"அம்மா? அம்மா, என்னம்மா செய்யிது?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அவள் நாற்காலியைச் சாய்த்து என் காலைத் தூக்கி வைத்தாள். மெஷின் உடம்பிலிருந்து தண்ணீர் இழுப்பதைக் குறைத்தாள். பிரஷர் பார்த்தாள். டயாலிசிஸில் படுத்திருக்கிறவருக்கு இப்படி வந்தால் பிரஷர் இறங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். நானே பலபேருக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் பிரஷர் அவ்வளவாக இறங்கவில்லை. அவள் ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாள். பிறகு விரலில் குத்தி சுகர் பார்த்தாள்.

சாப்பிட்டேன் என்று சொன்னவளுக்கு சுகர் எதற்கு இறங்கப் போகிறது? நான் சொன்னதை அவள் நம்பியிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டாள். என் வாயை விட்டுவிட்டு வியர்வையை நம்பினாள். அன்று எனக்கு அது கொஞ்சம் குத்தியது என்பதும் உண்மை. என் வார்த்தையை இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சுகர் ரொம்ப இறங்கியிருந்தது. அவள் ஓடிப்போய் இனிப்புத் தண்ணீர் கலந்து என் வாயருகே கொண்டுவந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"குடிங்கம்மா. கொஞ்சம் குடிங்க."

"வேணாம்," என்று அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னேன். "வெரதம்டி. ஒனக்காகத்தான். முடியட்டும், குடிக்கிறேன்."

அவள் கை அப்படியே நின்றது. ஒரு நொடிதான். மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. திரும்பி மேட்ரனிடம் மலாயில் இரண்டு வார்த்தை சொன்னாள், மேட்ரன் தலையசைத்தார், அவள் மருந்து அலமாரியிலிருந்து குளுக்கோஸை எடுத்துவந்து, ரத்தம் திரும்பி வருகிற குழாய் வழியாக மெதுவாக ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். சற்று நேரத்தில் இரண்டு டீவி ஒரு டீவி ஆயிற்று.

வாயால் சாப்பிடவில்லை, குழாயால்தானே போயிற்று, விரதம் உடையவில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த நிலைமையிலும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

மறுபடி விரலில் குத்திப் பார்த்தாள். சுகர் ஏறியிருந்தது. அப்போதுதான் மேட்ரன் எழுந்து வந்தார். தாளைக் காட்டி மலாயில் கேட்டார். "சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறாய். சாப்பிட்டவருக்கு எப்படி இவ்வளவு இறங்கும்?"

சின்ன மிஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். "என் தப்புதான், மேட்ரன். நான் இன்னும் சரியாக விசாரித்திருக்க வேண்டும்."

மேட்ரன் அட்டையில் எழுத ஆரம்பித்தார். பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் தமிழில் சொன்னது மேட்ரனுக்குப் புரிந்திருக்காது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும், ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். இருபது பேர் முன்னால், இந்த வயதில், பொய் சொன்னவள் என்று பெயர் வாங்கவா?

பக்கத்து நாற்காலியிலிருந்து முனகல் வந்தது.

"அம்மா. சொல்லு லா. பாவம் லா அந்தப் புள்ள."

தவுக்கேவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் கேட்டிருக்கிறது.

வலது கையைக் கீழே விட்டு என் பையை எடுத்தேன். இட்லி டப்பாவை எடுத்து மடியில் வைத்தேன். இரண்டு இட்லியும் அப்படியே இருந்தன.

"மேட்ரன்," என்று கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய். "சாயா போஹோங்."

நான் பொய் சொன்னேன் என்று அர்த்தம். அதற்குமேல் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு அந்தப் பாஷையில் வார்த்தை கிடையாது. அதுவே நல்லதாகப் போயிற்று. டப்பாவைத் திறந்து காட்டினேன். இவளும் கேட்டாள், நீங்களும் கேட்டீர்கள், இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன். இவள் பாஸ் பண்ண வேண்டும் என்று சாமிக்கு விரதம். இன்சுலின் மட்டும் போட்டுக்கொண்டேன். இவள் மேல் தப்பு இல்லை. தெரிந்த மலாயில் இதையெல்லாம் சொன்னேன். வராததைச் சின்ன மிஸ்ஸி மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அவளைப் பற்றி நான் சொன்ன நல்லதை அவள் விட்டுவிட்டுச் சொன்னாள். அதைத் தவுக்கே மலாயில் சேர்த்துச் சொன்னார்.

மேட்ரன் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி அவளைத்தான் கேட்டார்.

"உனக்கு இது எப்போது தெரியும்?"

"இனிப்புத் தண்ணீர் கொடுத்தபோது சொன்னார்."

"நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

"எல்லோர் முன்னாலும் இவருக்கு வெட்கமாக இருக்கும் என்று..."

"வெட்கமாக இருந்தால் திரையை இழுத்துவிடு. என்னை வெளியே கூப்பிட்டுச் சொல். தாளில் மட்டும் பொய் நிற்கக்கூடாது. இவர் சாப்பிட்டார் என்று நம்பி அடுத்த மிஸ்ஸி என்ன செய்வாள்?"

சின்ன மிஸ்ஸி அந்தத் தாளை வாங்கினாள். சாப்பிட்டார் என்று எழுதியிருந்ததை அழிக்கவில்லை. அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், அடியில் இருந்தது இன்னும் படிக்கிறமாதிரி. பக்கத்தில் சாப்பிடவில்லை என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டாள். மேட்ரன் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு என் மடியைக் காட்டி, சாப்பிடு என்று சைகை செய்தார்.

சாப்பிட்டேன். ஒரு மேட்ரன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த விரதமும் நிற்காது.

"ஒண்ணு எனக்குக் குடு லா," என்றார் தவுக்கே.

"ஒங்க சுகருக்கு இட்லி ஒண்ணுதான் கொறச்சல், பேசாம படுங்க அங்கிள்," என்றாள் சின்ன மிஸ்ஸி. அன்று காலையிலிருந்து அப்போதுதான் அவள் குரல் பழையபடி வந்தது.

சாயந்திரம் வீட்டில் நானே மருமகளிடம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். "சாமிக்கு இருந்தீங்களா, எமனுக்கு இருந்தீங்களா அத்த?" என்று கேட்டாள். இன்றுவரை டப்பாவெல்லாம் கிடையாது. நான் தட்டில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குச் செருப்பை எடுத்து வைப்பாள்.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் எனக்கு நிம்மதியில்லை. விரதத்தைப் பாதியில் முறித்தேன், பொய் சொன்னேன், நடுங்கிக் கிடந்தேன். நான் சும்மா இருந்திருந்தால் ஊசி போட்ட கையோடு அந்தப் பெண் ஜெயித்திருப்பாள். கை கொடுக்கிறேன் என்று போய் காலை வாரிவிட்டோமோ என்று நினைத்து நினைத்து, சென்டருக்குள் நுழையும்போது அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவள் ஒன்றும் வித்தியாசம் காட்டவில்லை. அதே சிரிப்பு, அதே நிதானமான ஊசி. ஒன்று மட்டும் மாறியது. சாப்டாச்சாம்மா என்று கேட்பதை விட்டுவிட்டாள். "என்ன சாப்டீங்க?" என்றுதான் கேட்பாள். "எத்தன?" என்பாள். "எத்தன மணிக்கு?" என்பாள். ஆச்சு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தவுக்கேயிடமும் அப்படித்தான் கேட்டாள். அவர் ஒருநாள் உளறி, கடையில் ரொட்டி சானாய் தின்றதை ஒப்புக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைக் காரிலிருந்து இறங்கவே விடவில்லை, சன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்மா."

மகன் பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டான். நான் கவலைப்படவில்லை. "எப்படிடி? நான்தான் கெடுத்துட்டேனே," என்றேன்.

"விசாரிக்கிறதுலயும் எழுதுறதுலயும் மார்க் கொறச்சிருக்காங்க. மேட்ரன்கிட்ட சொல்லாம வச்சதுக்குத்தான். ஊசியில முழு மார்க். அப்புறம் சுகர் பாத்தேன்ல, அதுல நெறைய. பேஷண்ட் சாப்டேன்னு சொல்லியும் நான் பாத்தேன்னு தனியா எழுதியிருக்காங்கம்மா."

நான் பொய் சொன்னதால் அவளுக்கு மார்க் என்று தவுக்கே அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கெட்டிக்காரி, பாஸ் பண்ணினாள். என் பொய்யைத் தாண்டித்தான் பண்ணினாள், பொய்யால் பண்ணவில்லை. அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்து, பாதியில் முறித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன்.

சென்ற மாதம் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் பெரிய மிஸ்ஸி என்னிடம் வந்தார். அந்த மேட்ரன் போன் செய்தாராம். இன்னொரு பெண்ணுக்குப் பரீட்சை, மலாய்க்காரப் பெண், வேறு சென்டர். பரீட்சையை இங்கே வைக்கலாமா, சாப்பிட்டேன் என்று சொன்ன அந்த மாக்சிக் சம்மதிப்பாரா என்று கேட்டாராம்.

"எதுக்காம் நானு? பொய் சொல்றதுக்கா?" என்றேன்.

"நல்ல கைன்னு சொன்னாங்க," என்றார் பெரிய மிஸ்ஸி.

பேப்பரைக் கொண்டுவரச் சொல்லி என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்த நாள் வந்தது. மலாய்க்காரப் பெண் மெலிந்து உயரமாக இருந்தாள், பயத்தில் உதடு காய்ந்திருந்தது. மேட்ரன் பக்கத்தில் அட்டையோடு நின்றார். சின்ன மிஸ்ஸி இப்போது அந்தப் பக்கம், மேட்ரனுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் தாளைப் பார்த்து மலாயில் கேட்டாள். "மாக்சிக் இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

இட்லி இரண்டு, ஆறு மணிக்கு என்று சொன்னேன். சட்னி ஒரு கரண்டி. சர்க்கரை போடாத தேத்தண்ணி அரை டம்ளர். இன்சுலின் அதற்கு முன்னால், மருமகள் போட்டாள். அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எழுதி முடிக்கிறவரை காத்திருந்து, அப்புறம்தான் கையை நீட்டினேன்.